இனாம் தரும் கடனட்டையும் அதனைப் பெறும் வகையும்

கல்லூரிப் படிப்பை முடித்து, ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, முதல் சம்பளம் கைக்கு வந்த சில நாட்களுக்குள் பாங்கியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கடனட்டை ஒன்று தருவதாகவும், செலவு செய்யச் செய்யப் புள்ளிகள் சேருமென்றும் இனிமையாகக் கூறுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. சேமிப்பவனுக்கே வட்டியுண்டு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, செலவழிப்பவனுக்கு வெகுமதி என்பது வியப்பாகவே தோன்றும். அவ்வெகுமதி எவருடைய பணம் என்பதை முதற்கண் அறிந்துகொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

கடனட்டையின் வரலாறு நீண்டதன்று. 1950 இல் நியூயார்க்கு நகரில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை, உணவுச்சாலைகளில் ரொக்கமின்றி உண்டு பின்னர் மொத்தமாகப் பணம் செலுத்துதற்கென ஏற்பட்டது. 1958 இல் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தார் ஏறக்குறைய 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. அதுவே 1976 இல் வீசா என்னும் பெயர் பெற்றது. செலவில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை, 1986 இல் வெளிவந்த டிஸ்கவர் அட்டை அமெரிக்காவில் பரவச்செய்தது. நம் நாட்டில் 1980 இல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடனட்டையை முதன்முதல் வெளியிட்டது.

இனி வெகுமதியின் ஊற்றைக் காண்பாம். ஒருவர் அட்டையைக் காட்டி நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடைக்காரருக்கு நூறு ரூபாயும் முழுமையாய்ச் சேர்வதில்லை. ஏறக்குறைய 2 ரூபாய் கட்டணமாகக் கழிக்கப்பட, அதன் பெரும்பகுதி அட்டை கொடுத்த பாங்கியைச் சாரும். அதிலிருந்தே நமக்கு ஒரு துளி புள்ளியாகத் திரும்புகிறது. யுபிஐ வழியாக நம் கணக்கிலிருந்து நேரே செலுத்தும் தொகைக்கு இத்தகைய கட்டணத்தை அரசாங்கம் 2020 ஜனவரியில் நீக்கிவிட்டமையால், அங்கே பகிர்ந்து கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கட்டணத்தைச் சுமக்கும் வியாபாரி அதனைப் பொருளின் விலையிலே ஏற்றிவைப்பானாயின், அருகில் நின்று ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் நம் இனாமுக்குப் பங்கு செலுத்தியவனாகிறான். இது நியாயமோ என்பது பொருளாதார மாணவர் வாதிக்கத்தக்க வினா. விளம்பரத்தில் இதனைப்பற்றி ஒரு சொல்லும் இராது.

அட்டைகளை ஒப்பிடும்பொழுது புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கலாகாது. புள்ளி ஒன்றின் மதிப்பு எத்தனை காசு என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நூறு ரூபாய்க்கு 2 புள்ளி தரும் அட்டை ஒன்றிற்கு ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய் என்றும், புள்ளி ஒன்று 25 காசு பெறுமென்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் செலவிடுகிறவர் ஓராண்டில் 1,20,000 ரூபாய்க்கு 2,400 புள்ளி ஈட்டுவார். அதன் மதிப்பு 600 ரூபாயே. கட்டணமோ 18 விழுக்காடு வரியுடன் 1,180 ரூபாய். ஆகவே, வெகுமதி பெற்றும் 580 ரூபாய் நஷ்டம்! கட்டணமின்றி நூற்றுக்கு 1 ரூபாய் திருப்பிக் கொடுக்கும் எளிய அட்டையோ அதே செலவுக்கு 1,200 ரூபாய் தரும். விமான நிலையத்து ஓய்வறை, விருந்துச் சலுகை முதலியவை ஆண்டிற்கு ஒருமுறையேனும் விமானம் ஏறாதவர்க்கு எற்றுக்கு? பெட்ரோல், வீட்டு வாடகை முதலிய செலவுகளுக்குப் பல அட்டைகள் புள்ளி தருவதில்லை என்பதையும், புள்ளிகளுக்குக் காலவரையறை உண்டு என்பதையும் நிபந்தனைத்தாளின் சிற்றெழுத்துகளிலே தேடிக் காணவேண்டும்.

இவ்வளவு கணக்கும், மாதந்தோறும் பில் தொகை முழுவதையும் குறித்த நாளுக்குள் செலுத்துகிறவர்க்கே பொருந்தும். பில்லில் மொத்தத் தொகைக்கு அருகே ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது நூற்றுக்கு 5 வீதமாயிருக்கும். தீபாவளி மாதத்தில் 20,000 ரூபாய் செலவிட்டு, 1,000 ரூபாய் மட்டும் செலுத்தி நிம்மதியடைந்த இளைஞர் ஒருவரைக் கருதுக. மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் வட்டி, அஃதாவது ஆண்டிற்கு 42 வீதம், நம் நாட்டு அட்டைகளிற் காணப்படுவதே. மீதி 19,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 665. அதன்மேல் வரி ஏறக்குறைய 120. ஆக 785 ரூபாய். ஓராண்டு முழுதும் சேர்த்த இனாமில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே மாதத்தில் கரைந்தது. அன்றியும், பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாத தவணை இல்லை. வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால், எடுத்த நாள் முதலே வட்டியும், தனிக் கட்டணமும் உண்டு.

அட்டை வேண்டி விண்ணப்பிப்பவரிடம் பாங்கி காண விழைவது இரண்டு: நிலையான வருமானம், கடன் தீர்த்த ஒழுங்கு. முன்னதற்குச் சம்பளச் சீட்டும் வருமானவரிக் கணக்கும் சான்றாகும். பின்னதை 2000 இல் நிறுவப்பட்ட சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரையுள்ள ஓர் எண்ணாக அளந்து தெரிவிக்கின்றன. 750 க்கு மேற்பட்டதைப் பொதுவாக நல்லதெனக் கொள்வர். தவணை தவறாமை இவ்வெண்ணை உயர்த்தும். கடன் வரம்பின் விளிம்புவரை செலவிடுதலும், சில வாரங்களுக்குள் பல பாங்கிகளுக்கு விண்ணப்பம் போடுதலும் தாழ்த்தும். ஒரு பாங்கி மறுத்தவுடன் சினங்கொண்டு அடுத்த நான்கினை நாடுவோர் தம் வழியைத் தாமே அடைத்துக்கொள்ளுகின்றனர். மறுத்த பாங்கி அதன் காரணத்தை எழுத்து மூலம் குறிப்பாகத் தெரிவிக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2022 இல் விதித்துள்ளது. அதனைக் கேட்டுப் பெறுதலே முறை. ஆண்டிற்கு ஒருமுறை நம் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பிறர் கடன் நம் பெயரில் ஏறியிருப்பின் முறையிடலாம்; 30 நாளுக்குள் முறையீடு தீராவிடில், மேற்படும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு பெறும் உரிமை 2024 முதல் உண்டு.

இதுவரை கடனே வாங்காதவர்க்கு ஓர் இடர்: அளப்பதற்கு ஒன்றுமின்மையின் எண்ணும் இராது. இத்தகையோர் பாங்கியில் ஒரு சிறு தொகையை நிரந்தர வைப்பாக இட்டு, அதனையே பிணையாக்கி அட்டை பெறலாம். வைப்புக்கு வட்டி வந்துகொண்டிருக்கும். கடன் வரம்பு வைப்பினும் சற்றுக் குறைவாக இருக்கும். சம்பளமில்லாத மாணவர்க்கும் இவ்வழி திறந்ததே. தந்தையார் அட்டையோடு இணைந்த துணையட்டையும் உண்டு. ஆனால் அதன் கடன் தந்தையாரையே சாரும்.

வேண்டாத அட்டையை மேசையறையில் போட்டுவைப்பின், அதன் ஆண்டுக் கட்டணம் ஓசையின்றி ஏறிக்கொண்டிருத்தல் கூடும். பாக்கி முழுவதையும் தீர்த்து, அட்டையை முடிக்குமாறு எழுதிக் கேட்டால், வேலைநாள் ஏழுக்குள் பாங்கி முடித்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அட்டைக்காரருக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே அடங்கியுள்ளது.