நாலடிப்பும் ஈரடிப்பும்: மாதிரிக் கார்ப் பந்தய எஞ்சின் பற்றிய சில சிந்தனைகள்

ரேடியோ அலைகளாற் கட்டுப்படுத்தப்படும் மாதிரிக் கார்களின் ஓட்டப்போட்டியைப் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது எளிது. அது பெரும்பாலும் அவ்வாறானதே. ஆயினும் ஒரு தொழில்நுட்பம் இன்னொன்றை எவ்வாறு வெல்கின்றது என்னும் வினாவை ஆராய்வோருக்கு அது பயன்மிக்கதொரு களமாகும். உலகின் வீதிகளிலே நாலடிப்பு எஞ்சின் ஈரடிப்பு எஞ்சினைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. மாதிரிக் கார்ப் பந்தயத் தடத்திலோ, எரிபொருளில் ஓடும் பிரிவுகளில், எண்ணெய்ப் புகை கக்கும் ஈரடிப்பே இன்றும் கோலோச்சுகின்றது. நாலடிப்பை அத்தடத்துக்குக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் பந்தய வெற்றியாகக் கனியவில்லை. இது ஏன்? ஈரடிப்பு இயல்பிலேயே வலிமை மிக்கது என்பது வழமையாகக் கூறப்படும் விடை. 'இயல்பு' என்ற சொல், இலக்கிய விமர்சனத்திற் போலவே பொறியியலிலும், சமூகத் தீர்மானங்கள் பலவற்றை மறைக்கும் திரையாகிவிடுவதுண்டு. அத்திரையைச் சற்று விலக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை எஞ்சினுக்குமுள்ள வேறுபாட்டை மாத்தளை வாசகர் காதாலேயே அறிவர். இரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் ஏறும் வீதிகளில் முன்னர் ஓடிய ஓட்டோக்களின் படபடப்பும் நீலப்புகையும் ஈரடிப்புக்குரியவை. பின்வந்தவற்றின் தணிந்த, இடைவெளிவிட்ட ஒலி நாலடிப்புக்குரியது. நாலடிப்பில் முசலம் (கராஜில் அதனைப் பிஸ்டன் என்பர்) ஒருமுறை இறங்கிக் கலவையை உள்ளிழுக்கிறது. ஏறி அதனை அமுக்குகிறது. எரிதலாற் தள்ளப்பட்டு இறங்குகிறது. மீண்டும் ஏறிக் கழிவு வாயுவை வெளியேற்றுகிறது. நான்கு அடிப்புக்கு, அதாவது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு, ஒரே ஒரு வெடிப்பு. ஈரடிப்பிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அங்கு மேலே வால்வுகளும் இல்லை, அவற்றை இயக்கும் கம் தண்டும் இல்லை; உருளைச் சுவரிலுள்ள துளைகளை முசலமே திறந்து மூடுகிறது. இந்த எளிமைக்கு விலையும் உண்டு. புதிய கலவை உள்ளே வரும்போதே கழிவுத்துளையும் திறந்திருப்பதால் எரியாத எரிபொருளின் ஒரு பகுதி வெளியே ஓடிவிடுகிறது. மசகெண்ணெயும் எரிபொருளோடு கலந்து எரியவேண்டியுள்ளது. இலங்கையில் ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 முதல் தடைசெய்யப்பட்டது இந்தப் புகையின் பொருட்டே. ஏற்கெனவே ஓடியவை தொடர்ந்து ஓடின. புதியதை வாங்க வசதியற்ற சாரதி பழையதுடனேயே நின்றான்.

நாலடிப்பு எஞ்சினை ஜேர்மனியரான நிக்கொலவுஸ் ஒட்டோ 1876இல் உருவாக்கினார். (நம்மூர் ஓட்டோவுக்கும் இவர் பெயருக்கும் உறவில்லை.) பிரெஞ்சுக்காரரான போ த றொஷா 1862இலேயே அத்தத்துவத்தை எழுதிவைத்திருந்தார் என்பதன் பேரில், பத்தாண்டுகளின் பின் அவரது காப்புரிமை ஜேர்மனியில் இரத்தாயிற்று. எளிய ஈரடிப்பு எஞ்சின் இங்கிலாந்தின் பாத் நகரத்து யோசப் டேயின் பெயரால் 1891இற் பதிவாயிற்று. முசலத்தின் அடிவிளிம்பே உள்வாயிலையும் திறந்து மூடும் முக்கியமான திருத்தத்தைச் செய்தவர் டேயின் பட்டறையைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கொக் என்னும் தொழிலாளி. பாடநூல்களில் டேயின் பெயரே நிலைத்தது.

மாதிரி எஞ்சினுக்கு வருவோம். ரே ஆர்டன் 1947இல் அமெரிக்கச் சந்தைக்கு விட்ட ஒளிர்முளை, தீப்பொறிக்கான சுருளையும் பற்றரியையும் சுமக்கும் தேவையை நீக்கியது. அதிலுள்ள பிளாற்றினக் கம்பி மெதனோல் ஆவியுடன் வினையுற்று, எஞ்சின் ஓடும்வரை தானாகவே தணலாய் நிற்கும். மெதனோல், நைத்திரோமெதேன், ஆமணக்கெண்ணெய் போன்ற மசகு ஆகியவற்றின் கலவையே எரிபொருள். 1936இல் ஒசாக்காவில் ஒகாவா ஷிகேயோ தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம், 1976இல் எஃப்.எஸ்.-60 என்னும் நாலடிப்பு மாதிரி எஞ்சினைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஒட்டோவின் எஞ்சினுக்கு அப்போது சரியாக நூறு வயது. ஆனால் எஃப்.எஸ்.-60 விமானத்துக்கானது. மாதிரி விமானத்தில் பெரியதொரு காற்றாடியை நிதானமாகச் சுழற்றுவதே வேண்டப்படுவது. அது நாலடிப்புக்கு உகந்த வேலை. காரில் நிலைமை வேறு. சிறிய எஞ்சின் மிகுவேகத்திற் சுழல, பற்சில்லுகள் அவ்வேகத்தைக் குறைத்துச் சில்லுக்கு வழங்குகின்றன.

எட்டிலொரு பங்கு அளவுக் கார்களுக்கான சர்வதேச விதி எஞ்சினின் கொள்ளளவை 3.5 கன சென்ரிமீற்றராக வரையறுக்கிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று கொள்வோம். பந்தய எஞ்சின்கள் இதனையும் விஞ்சுவன. செக்கனுக்கு 500 சுற்று. ஈரடிப்பு 500 முறை வெடிக்கும், நாலடிப்பு 250 முறை. அந்த நாலடிப்பின் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 250 முறை திறந்து மூடவேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் வால்வின் சுருள்வில்லாற் பின்தொடர இயலாது. வால்வு மிதக்கும், மிதந்த வால்வு முசலத்தில் மோதும். ஆகவே சுற்றைக் குறைக்கவேண்டும். குறைத்தால் வலுவும் குறையும். 'அனைவருக்கும் ஒரே கொள்ளளவு' என்ற விதி நடுநிலையானதுபோலத் தோன்றினும், சுற்றுக்கொரு முறை வெடிப்பதையும் இரு சுற்றுக்கொரு முறை வெடிப்பதையும் அது ஒரே கோலால் அளக்கின்றது. முறைமைச் சமத்துவம் உள்ளடக்கத்தின் சமமின்மையை மறைப்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும். வெண்பாவின் யாப்பைக் கொண்டு அகவலை அளந்துவிட்டு, அகவல் தளைதட்டுகிறது என்று தீர்ப்புக் கூறுவதை நாம் ஒப்புவதில்லை.

ஈரடிப்பின் வலிமையும் இயற்கையின் கொடையன்று. அதன் வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஜேர்மன் சனநாயகக் குடியரசின் சொப்பாவ் நகரில் எழுதப்பட்டது. அங்கிருந்த எம்.சற். என்னும் அரச மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்கு 1950களில் வால்ற்றர் காடென் தலைமை தாங்கினார். வசதி குறைந்த அப்பட்டறையில் அவர் சில கூறுகளை ஒன்றிணைத்தார். கலவை உள்வரும் நேரத்தை வரையறுக்கும் சுழல்தட்டு வால்வு ஒன்று; இதனைத் தனியாளாய் எஞ்சின் திருத்திவந்த டானியல் சிம்மர்மன் முன்னரே கையாண்டிருந்தார். மற்றொன்று, ஒத்ததிர்வுப் புகைக்குழாய். கழிவு வாயு வெளியேறும்போது குழாயில் ஓர் அமுக்க அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அவ்வலை இழுவையாகத் திரும்பி வந்து உருளையைத் துப்புரவாக்கிப் புதிய கலவையை உள்ளே ஈர்க்கிறது; குழாய் ஒடுங்கும் இடத்திலிருந்து அது தள்ளுவிசையாகத் திரும்பி, வெளியே வழுவிய கலவையைத் துளை மூடுமுன் மீண்டும் உருளைக்குள் தள்ளிவிடுகிறது. ஈரடிப்பின் பிறவிக்குறை எதுவோ அதுவே அதன் பலமாக மாற்றப்பட்டது. ஈரடிப்பு வண்டிகளைத் திருத்தியோர் இதன் ஒரு சாயலை அனுபவத்தில் அறிவர்: சைலன்சரிற் கரி அடைத்தாலும் இழுவை குறையும், சைலன்சரைக் கழற்றி எறிந்தாலும் இழுவை குறையும். அங்கு புகைக்குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பே.

1961இல் காடெனின் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 25 குதிரைவலுவைத் தந்தது. அதாவது லீற்றருக்கு 200. அவ்வாண்டு செப்ரெம்பரில், சுவீடனின் கிறிஸ்ரியான்ஸ்ராட் பந்தயத்தின் பின், எம்.சற். ஓட்டுநரான ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று யப்பானின் சுசுக்கி நிறுவனத்தைச் சேர்ந்தார். 1962இல் சுசுக்கி 50 கன சென்ரிமீற்றர்ப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவரும் டெக்னரே. இதனைத் துரோகம் என்ற ஒரு சொல்லால் முடித்துவிட முற்போக்காளர் சிலர் விரும்பக்கூடும். தன் நாட்டுப் பட்டறையில் விளைந்த அறிவுக்குப் போதிய வளமும் வெளியும் தராத ஒரு நிருவாகத்தைப் பற்றியும் அவர்கள் அப்போது பேசவேண்டியிருக்கும். எவ்வாறாயினும், மாதிரிப் பந்தயக் காரின் பக்கத்திற் பளபளக்கும் புகைக்குழாய் சொப்பாவின் வழித்தோன்றலேயாகும்.

இதே காலத்தில் ஹொண்டா நாலடிப்பையே நம்பியது. உருளையைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்தால் வால்வுகள் இலேசாகும், சுற்று உயரும் என்பது அதன் வழி. 250 கன சென்ரிமீற்றருக்குள் ஆறு உருளைகளும் 24 வால்வுகளும் கொண்ட அதன் ஆர்.சி.166 நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்றுச் சுழன்று 1966, 1967 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களைப் பெற்றது. பின்னர் ஹொண்டா விலகிற்று. உருளைகளின் தொகையை மட்டுப்படுத்தும் விதிகளும் வந்தன. 1979இல் நீள்வட்ட முசலங்களும் 32 வால்வுகளும் கொண்ட என்.ஆர்.500 உடன் அது திரும்பியது. அவ்வண்டி ஓர் உலகப்போட்டிப் பந்தயத்தையேனும் வெல்லவில்லை. ஹொண்டாவும் ஈரடிப்புக்கு மாறியது. 2002இல் விதி மாற்றப்பட்டது. ஈரடிப்புக்கு 500, நாலடிப்புக்கு 990 கன சென்ரிமீற்றர் என அனுமதிக்கப்பட, அவ்வாண்டின் அப்பிரிவுப் பந்தயங்கள் அனைத்தையும் நாலடிப்பே வென்றது. ஓராண்டில் வெப்பவியலின் விதிகள் மாறிவிடவில்லை. வீதி வண்டிகளை நாலடிப்பாகவே விற்கவேண்டியிருந்த நிறுவனங்களுக்குப் பந்தயமும் நாலடிப்பாக இருத்தல் வசதியாயிற்று.

மாதிரி உலகிலும் இதற்குச் சான்றுண்டு. வானிற் சாகசம் செய்யும் மாதிரி விமானங்களின் சர்வதேசப் போட்டியில், 1980களில் ஈரடிப்புக்கு 10 கன சென்ரிமீற்றரும் நாலடிப்புக்கு 20உம் அனுமதிக்கப்பட்டிருந்தன, இரைச்சலும் மட்டுப்படுத்தப்பட்டது. அங்கு யப்பானின் வை.எஸ். நிறுவனத்து நாலடிப்பு எஞ்சின்கள் முன்னணிக்கு வந்தன. கார் விதியில் அத்தகைய சலுகை இல்லை. ஓ.எஸ். நிறுவனம் 4.3 கன சென்ரிமீற்றர் அளவில் கார்களுக்கென நாலடிப்பு எஞ்சினொன்றைச் செய்து விற்றதுண்டு. உண்மைக் காரை ஒத்த அதன் ஒலிக்காகவே அது விரும்பப்பட்டது. நாலடிப்பின் எரிபொருட் சிக்கனத்துக்குக்கூட அங்கு போதிய மதிப்பில்லை. எட்டிலொரு பங்கு அளவுக் காரின் தாங்கி 125 கன சென்ரிமீற்றர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடிவந்து நிரப்பிக்கொள்ளலாம். முழுப் பந்தயத்துக்கும் எரிபொருளை அளந்து கொடுக்கும் விதி இருந்திருப்பின், எத்தகைய எஞ்சின்கள் வடிவமைக்கப்பட்டிருக்கும் என்பது சிந்திக்கற்பாலது.

சிறிய நாலடிப்பு எஞ்சின் உண்மையில் முன்னேறியது வேறோரிடத்தில். ஐந்திலொரு பங்கு அளவுப் பெரிய மாதிரிக் கார்கள் பெற்றோலில் ஓடுவன. செனோவா போன்ற நிறுவனங்கள் செய்த அவற்றின் 23 கன சென்ரிமீற்றர் ஈரடிப்பு எஞ்சின்கள், மாத்தளையின் தென்னந்தோப்புகளிலும் மிளகுத் தோட்டங்களிலும் தொழிலாளர் தோளிற் சுமக்கும் புல்வெட்டி எஞ்சினின் உறவினர். கலிபோர்னிய மாநிலம் இத்தகைய சிறு எஞ்சின்களின் புகைக்கு 1995 முதல் எல்லை வகுத்தது. அதன் அழுத்தத்தில், எப்பக்கம் சரித்தாலும் மசகு நிற்காத நாலடிப்பு எஞ்சினை உருவாக்கும் தேவை எழுந்தது. ஹொண்டா 1997இல் 22, 31 கன சென்ரிமீற்றர் அளவுகளிலும், 2002இல் 25 கன சென்ரிமீற்றர் அளவிலும் அதனை வெளியிட்டது. எண்ணெயை மூடிய அறையில் அடித்துப் பனிப்புகாராக்கி எல்லா உறுப்புகளுக்கும் அனுப்புவதே அதன் உபாயம். ஜி.எக்ஸ்.25 என்னும் அவ்வெஞ்சின் 7,000 சுற்றில் தருவது ஏறத்தாழ ஒரு குதிரைவலு. பந்தயத் தடத்துக்கு அது போதாது. நாள் முழுதும் காதருகே அதன் இரைச்சலையும் புகையையும் ஏற்றுப் புல்வெட்டுபவருக்கோ அது ஈரடிப்பிலும் மேலானது, வாங்கிக் கொடுப்பவர் இருப்பின்.