ஜப்பான் காருக்கு எம்ப்ளம் வாங்கப் போறீங்களா? சேசி நம்பர் இல்லாமல் கடைக்குப் போகாதீங்க!

கொழும்பு:
கிரில் எம்ப்ளத்தைக் காணோம், கதவு மோல்டிங் கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது என்று பஞ்சிகாவத்தைக்குப் படையெடுப்பவர்கள் ஏராளம். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதுவரை பழைய காரையே பூசி மெழுகி ஓட்டியவர்கள்தான் அதிகம்.

கடையில் போய் "விட்ஸுக்கு எம்ப்ளம் குடுங்க" என்றால் போதாது. ஒரே பெயரில் பல தலைமுறை கார்கள் வந்துள்ளன. பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் விட்ஸ் என்று விற்ற கார் ஐரோப்பாவில் யாரிஸ். ஹொண்டா வெசல் அங்கே எச்.ஆர்.வி. லண்டனில் உள்ள மச்சானிடம் "வெசல் எழுத்து வாங்கி அனுப்புங்க" என்றால் கடைக்காரர் முழிப்பார்!

தகட்டைப் படம் எடுங்க

ஜப்பான் உள்நாட்டுக் கார்களுக்கு 17 இலக்க நம்பர் கிடையாது. அக்சியோ என்றால் 'என்.இசட்.இ.141' போன்ற குறியீடும், பின்னால் 7 இலக்கமும்தான் சேசி நம்பர். டொயோட்டா கார்களில் இது எழுதிய தகடு பெரும்பாலும் பொனட்டுக்குள் இருக்கும். அதிலேயே பெயின்ட் நிறத்துக்கு ஒன்று, உள் அலங்காரத்துக்கு ஒன்று என்று இரண்டு குறியீடுகள் உண்டு. 040 என்றால் வெள்ளை, 1எஃப்7 என்றால் சில்வர். போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

டொயோட்டா பார்ட் நம்பர் 10 இலக்கம். நிறம் உள்ள பொருள் என்றால் கடைசியில் இன்னும் 2 சேரும். அதைக் கவனிக்காமல் ஓர்டர் போட்டால் சாம்பல் டேஷ்போர்டுக்கு பழுப்பு மூடி வந்து நிற்கும். ஜப்பானுக்குத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா?

டுப்ளிகேட் உஷார்!

2015 டிசம்பரில் வெளியான பிரியஸ் போன்ற சில கார்களில் முன் எம்ப்ளத்துக்குப் பின்னால்தான் ராடார் இருக்கிறது. முன்னே போகும் வாகனத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க உதவுவது இதுதான். ராடார் அலை ஊடுருவுவதற்காகவே அந்த எம்ப்ளம் வழவழவென்று தட்டையாகச் செய்யப்பட்டுள்ளது. விலை குறைவு என்று குரோம் பூசிய டுப்ளிகேட்டை மாட்டினால் ராடாரின் கண் மறையும். அவசர நேரத்தில் அந்த பிரேக் உதவி கிடைக்காமல் போகலாம்.

மோல்டிங் கழற்றும்போது கிளிப் உடைவது சகஜம். கிளிப்புக்குத் தனி பார்ட் நம்பர் உண்டு, சேர்த்தே ஓர்டர் கொடுங்க. ஒட்டியிருக்கும் பழைய எம்ப்ளத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், ஹேர் டிரையரில் சூடு காட்டி தங்கூசி நூலால் அறுத்தெடுத்தால் பெயின்ட் தப்பும்.