கணினியைத் தொடாமல் கணினி அறிவியல்

கணினி அறிவியல் என்றாலே நிரல் எழுதுவதுதான் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், நிரல்மொழியின் குறியீடுகளோடும் பிழைச்செய்திகளோடும் போராடிச் சோர்ந்துபோகும் மாணவர் பலர், அவ்வியலின் மூலக் கருத்துகளைச் சந்திக்காமலே விலகிவிடுகின்றனர். இவ்விழப்பைத் தவிர்க்கும் நோக்கில் டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோர் 1990களில் உருவாக்கியதும், நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டதுமான 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' என்னும் பயிற்சித் தொகுப்பு, அட்டைகள், சாக்பீஸ், கயிறு போன்றவற்றைக் கொண்டே அக்கருத்துகளைக் கற்பிக்கிறது.

16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் இட்ட ஐந்து அட்டைகளில் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைக் கவிழ்த்தும் வைத்தால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். திறந்ததை 1 என்றும் கவிழ்த்ததை 0 என்றும் எழுதும்போது, கணினி எல்லாத் தகவலையும் பதிந்துவைக்கும் இரும எண்முறை மாணவருக்குப் புலப்பட்டுவிடுகிறது.

இத்தொகுப்பிலுள்ள பயிற்சிகளுள் மிகச் சிறந்தது பிழை கண்டறியும் பயிற்சியே. ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையுமான 25 அட்டைகளை மாணவர் தம் விருப்பப்படி ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பியதும், ஆசிரியர் மேலும் ஒரு கிடைவரிசையையும் ஒரு நெடுவரிசையையும் சேர்த்து, ஒவ்வொரு வரிசையிலும் கறுப்பு அட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையுமாறு செய்கிறார். அவர் திரும்பி நிற்கையில் யாரேனும் ஓர் அட்டையைப் புரட்டினால், ஒரு கிடைவரிசையிலும் ஒரு நெடுவரிசையிலும் மட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடுவதால், அவை வெட்டும் இடத்திலுள்ள அட்டையே புரட்டப்பட்டது என்று அவர் உடனே சொல்லிவிடுகிறார். 'பாரிட்டி' எனப்படும் இச்சோதனையில், கூடுதலாகச் சேர்த்த அட்டைகள் புதிய செய்தி எதையும் தருவதில்லை. இருக்கும் செய்தியைக் காப்பதே அவற்றின் வேலை. இரண்டு அட்டைகள் புரட்டப்பட்டால் பிழை நேர்ந்தது தெரியுமே தவிர, எங்கே என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் உள்ளவை புரட்டப்பட்டாலோ பிழையே தெரியாது. இந்த எல்லையை மாணவர் தாமே கண்டறியும் தருணம்தான் உண்மையான கல்வி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறையும், நூல்களின் ஐஎஸ்பிஎன் எண்ணில் இறுதியாக வரும் சரிபார்ப்பு இலக்கமும் இவ்வகைச் சிந்தனையின் விளைவுகளே.

தேடலையும் இவ்வாறே விளக்கலாம்: ஏறுவரிசையில் அடுக்கிய 1,000 எண்களில் ஒன்றை, ஒவ்வொரு முறையும் நடு எண்ணைப் பார்த்துப் பாதியை விலக்கிக்கொண்டே சென்றால், 10 முறைக்குள் கண்டுவிடலாம்.

நிரலாக்கத்துக்கு இப்பயிற்சித் தொகுப்பு மாற்று அன்று. ஆசிரியர் விளையாட்டை இயந்திரத்தின் செயலோடு இணைத்து விளக்காவிட்டால் அது வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடும். ஆயினும், கணினி ஆய்வகம் அமையட்டும் என்று காத்திருக்கும் பள்ளிகள் இப்பாடத்தை இனியும் தள்ளிப்போட வேண்டியதில்லை; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இப்பயிற்சிகளை ஆசிரியர்கள் இக்கல்வியாண்டிலேயே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.