கூரையை அறுத்தால் கார் தாங்குமா?

சக்கரச் சீமை – 11

சென்ற வாரம் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்றிருந்தோம். ரெனோ–நிஸ்ஸான் ஆலை, பாரத்பென்ஸ் லாரிகள், என்ஃபீல்டு பைக்குகள் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வாரம் அதே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை வழியாகக் கிழக்கே திரும்பி வண்டலூருக்குப் போகலாம். இத்தனை லட்சம் கார்கள் பிறக்கிற சீமையில் கூரை மடங்கும் கார் எதுவும் இன்று லைனில் ஏறுவதில்லை. ஏன் என்பதற்கான விடை வண்டலூர் முனையில்தான் கிடக்கிறது.

முதலில் இருங்காட்டுக்கோட்டையை எட்டிப்பார்ப்போம். 1998 செப்டம்பரில் சான்ட்ரோவோடு சந்தைக்கு வந்த ஹூண்டாய் ஆலை இன்று ஆண்டுக்கு ஏழு லட்சம் கார்களுக்கு மேல் செய்கிறது. பிரஸ் ஷாப்பில் தகடு வடிவம் பெறும். பாடி ஷாப்பில் ரோபோக்கள் தரையையும் இரண்டு பக்கங்களையும் கூரையையும் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் ஒட்டிவிடும். பிறகு பெயின்ட் ஷாப், அசெம்பிளி. இதில் சேசிஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. உடம்பேதான் எலும்புக்கூடு. மோனோகாக் என்பார்கள்.

மழைக்கும் வெயிலுக்கும் மூடி என்று நாம் நினைக்கும் கூரை உண்மையில் பாரம் சுமக்கிற உறுப்பு. மூடியை ஒட்டிய அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கினால் கைக்குள் நெளியும். மோனோகாக் காரின் கூரையை கிரைண்டரால் அறுத்தாலும் அதே கதி. அறுப்பது அரைநாள் வேலை. அப்புறம் நடுவில் தரை லேசாகத் தொய்யும், கதவு சரியாக மூடாது, குண்டும் குழியுமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டம் தனியாக நடுங்கும். கதவுக்குப் பின்னால் நிற்கிற தூணைப் பிடிக்க மேலே ஆளில்லாததால் பக்கவாட்டில் மோதினால் அது உள்ளே சாயும்.

கூரையில்லாத காரைக் கம்பெனியே செய்யும்போது கதவுக்குக் கீழே ஓடும் பகுதியைத் தடிமனாக்குகிறார்கள், முன்கண்ணாடிச் சட்டத்துக்குள் உறுதியான குழாய் வைக்கிறார்கள், பின் சீட்டுக்குப் பின்னால் வளையம் நிறுத்துகிறார்கள். அதனால் கூரையைக் கழித்த கார், கூரையுள்ள அண்ணனைவிட எடை கூடுதலாக நிற்கும். விலையும் அப்படியே. நிஸ்ஸான் மைக்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் அது உருவான காலத்தில், 2005 வாக்கில், கண்ணாடிக் கூரை பின்னால் மடங்கிப்போகும் ஒரு வகை இருந்தது. அந்தக் கூரை ஜெர்மனியின் கார்மான் நிறுவனத்தின் கைவேலை. 2010இல் அடுத்த தலைமுறை மைக்ரா ஒரகடத்துக்கு வந்து, இங்கிருந்தே எண்ணூர் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கூரை மடங்கும் வகை மட்டும் வரவில்லை. வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஒரே அச்சில் ஓட வேண்டிய லைனுக்கு, ஆயிரக்கணக்கில் விற்கும் பண்டம் தொல்லை.

இப்போது வண்டலூர். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆலை இங்கேதான் இருந்தது. 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. அதன் பிறப்பே ஒரு நெருக்கடியில் விளைந்தது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே துண்டாகப் பற்றவைத்துத் தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாக வாங்கி, தனிச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். வடிவம் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டியுடையது. 1959இல் பிரிட்டனில் கார் வெளிவந்தது. ஒரே சேசிஸில் சலூன், கூப்பே, கூரை மடங்கும் வண்டி, எஸ்டேட், வேன் எல்லாம் கட்ட முடிந்தது. கூரை போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும்!

ஹெரால்டின் மற்ற வித்தைகளையும் சொல்லாமல் விட மனமில்லை. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். இன்ஜின் மூன்று பக்கமும் வெளிச்சத்தில் நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், அதாவது மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்தது போல. பின்சக்கரம் மட்டும் வேகமான வளைவில் உள்ளே மடங்கும் குணமுள்ளது, அதை ஓட்டியவர்கள் இன்றும் சற்று மரியாதையோடுதான் பேசுவார்கள். கூரை கழற்றிய ஹெரால்டுகளைச் சென்னை விண்டேஜ் ஊர்வலங்களில் இப்போதும் பார்க்கலாம். என் கட்சி இதுதான்: தமிழ்நாட்டில் உருவான கார்களில் அறுக்காமல் திறக்கக்கூடியது என்றால் அதுதான். மீதி கன்வெர்ட்டிபிள் மோகமெல்லாம் கிரைண்டர் மோகம்.

விருப்பப்படி மேல்பாகம் செய்விக்கும் மோகத்துக்கு நம் நாட்டில் பெருமையான பரம்பரையும் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர் 1910 வாக்கில் அன்னப்பறவை வடிவத்தில் கூரையில்லாத காரைச் செய்வித்தார். அலகிலிருந்து நீராவி பீச்சி வழிவிலக்கியது அந்தப் பறவை. ஊரில் கலவரமே கிளம்ப, போலீஸ் அதைத் தெருவுக்கு வர விடாமல் தடுத்தது. பின்னர் நாபா மகாராஜாவிடம் போய், இன்று நெதர்லாந்தின் ஹேக் நகர் லௌமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சென்னையும் சளைத்ததல்ல. 1903இல் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் செய்த நீராவிக் கார், மெட்ராஸிலேயே உருவான முதல் கார்களில் ஒன்று. சிம்ப்சன் அடிப்படையில் கோச்சு வண்டி கட்டிய நிறுவனம். மேல்பாகம் உள்ளூரில் கட்டுவது அன்று இயல்பு, இன்றும் கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவது அதன் நீட்சி. புது லேலண்டு சேசிஸை, கூரையும் கதவும் இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிப்போகும் டிரைவரைவிட அசல் கன்வெர்ட்டிபிள்காரர் யார்?

ஆனால் பதிவான காருக்குச் சட்டம் இந்த வழியை அடைத்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. நானும் சட்டத்தின் பக்கமே. மகன் ஆசைப்பட்டான் என்று பழைய சான்ட்ரோவின் கூரையை எடுத்துவிடுவது, அவன் தலைக்கு மேலிருந்த தூண்களை எடுப்பதுதான்.

ஆசையைத் தீர்க்க இப்போது கம்பெனியே ஒரு சமாதானம் வைத்திருக்கிறது: சன்ரூஃப். இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் எக்ஸ்டர் 2023இல் வந்தபோது சின்ன கார்களிலும் அது வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி வலுவூட்டியே அமைக்கிறார்கள், அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈசிஆரில் பிள்ளையை அதில் எழுப்பி நிறுத்தும் பெற்றோரைத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நம் மாநிலத்தின் உண்மையான தனிப்பயன் கன்வெர்ட்டிபிள் ஒன்றைத் தேர்தல் காலத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோவைப் பட்டறைகளில் உருவாகும் பிரச்சார வேன். கூரையின் நடுவில் வாசல், கீழே ஹைட்ராலிக் மேடை, நாலு பக்கமும் ஸ்பீக்கர், தலைவர் இடுப்பு வரை வெளியே எழுந்து கும்பிடுவார். ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் பழைய செவர்லே வேனை ‘சைதன்ய ரதம்’ ஆக்கி ஊர் ஊராகச் சுற்றியதும் இதே குடும்பம்தான். இந்த வேன்களின் அழகு பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. வேலைத்திறன் பற்றி இல்லை.

கடைசியாக ஒரு முரண். 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தார், துணிக்கூரை மடங்கும் வகையோடு வந்தது. தனிச் சேசிஸ் உள்ள வண்டி என்பதால் கூரை போனாலும் நிமிர்ந்து நிற்கும், உள்ளே உருட்டுக்குழாய்ச் சட்டமும் உண்டு. அதன் பொறியியல் வேலை பெரும்பாலும் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்தது. உற்பத்தி மட்டும் நாசிக்கில்.

(அடுத்த வாரம்: சோழவரம் ஓடுதளத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் வரை)