நாய், பூனை, மாடுகளில் ரேபிஸ் நோயின் அறிகுறிகள்

வெறிநாய் என்றதும் பலரும் மனத்தில் காண்பது, வாயில் நுரை ஒழுக, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் தெருநாயைத்தான். ரேபிஸ் நோய்க்கு அப்படியொரு வடிவம் உண்டு. அதைக் கண்டால் எவரும் ஒதுங்கிக்கொள்வர். கடிபட்டவரும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுவார். மருத்துவர்களுக்குப் பெரிதும் கவலை தருவது இந்நோயின் அமைதியான வடிவம். அதில் நாய் எவரையும் துரத்துவதில்லை. ஒரு மூலையில் சோர்ந்து படுத்திருக்கும். வீட்டார் இரக்கப்பட்டு அதன் வாயைத் திறந்து பார்ப்பர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் ஆட்டுப்பட்டிக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் வெங்காயப் பட்டறைக்கும் நாயே காவல். கறவை மாடும் பூனையும் குழந்தைகளும் அதே வாசலில்தான் இருக்கின்றனர். நாய்க்கு வரும் இந்நோய் அனைவரையும் எட்டக்கூடியது. மனிதருக்கு அறிகுறி தோன்றிய பின் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஏறத்தாழ அனைவரும் இறந்துவிடுகின்றனர். ஆனால் கடிபட்ட நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் இருக்கும். சிலருக்கு இது சில நாள்களாகச் சுருங்கலாம், அரிதாக ஓராண்டைக் கடக்கலாம். தாமதமின்றித் தொடங்கும் தடுப்பூசி இந்த இடைவெளியில்தான் உயிரைக் காக்கிறது.

ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்புகளின் வழியே மூளையை அடைந்து, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. ஆதலால் முதலில் மாறுவது விலங்கின் சுபாவம். ஓடி வந்து வாலாட்டும் நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஒதுங்கியே இருந்த நாய் காரணமின்றி அருகில் வந்து கையை நக்கும். கல், மண், குச்சி போன்றவற்றைக் கடித்து விழுங்கும். பழைய கடிவாயை ஓயாமல் சொறியும். குரல்வளைத் தசைகள் செயலிழப்பதால் குரைப்பு கரகரத்து, ஊளைபோல் நீளும். பின்னர்க் கீழ்த்தாடை தொங்கிவிடும், விழுங்க இயலாமையால் உமிழ்நீர் ஒழுகும், பின்னங்கால்கள் தள்ளாடும். அறிகுறி தொடங்கிய பத்து நாள்களுக்குள் விலங்கு பெரும்பாலும் இறந்துவிடும்.

தாடை தொங்கிய நாயைக் கண்டதும், தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி விரலை விட்டுத் துழாவுவோர் உண்டு. கிருமி நிறைந்த உமிழ்நீர் விரலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உட்புகும். கடியே இல்லாததால் அவர்கள் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று எண்ணுவதும் இல்லை. நாய் தண்ணீர் குடித்தால் அதற்கு வெறி இல்லை என்ற நம்பிக்கையும் பிழையானது. நீரைக் கண்டு அஞ்சுவது மனிதரிடம் காணப்படும் அறிகுறி. நோயுற்ற நாய் நீரை நாடிச் செல்லும், விழுங்கத்தான் இயலாது. கோடையில் மட்டுமே இந்நோய் வரும் என்பதும் உண்மையன்று. பால்பற்கள் கொண்ட குட்டிக்கும் இந்நோய் வரும்.

பூனை இருட்டான இடத்தில் பதுங்கியிருந்து, நெருங்குபவர் மீது திடீரெனப் பாய்ந்து கடிக்கும், பிராண்டும். அதன் பற்கள் கூரியவை. வெளியே புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். தன் பாதங்களை நக்கும் பழக்கம் அதற்கு உண்டு. பிராண்டலையும் கடியைப் போன்றே கருத வேண்டும்.

நோயுற்ற மாடு தீனி எடுக்காது, கரகரத்த குரலில் ஓயாமல் கத்தும், முக்கும், பால் திடீரெனக் குறையும், வாயில் எச்சில் ஒழுகும். இங்கும் தொண்டையடைப்பு என்றே முதலில் தோன்றும். கையை உள்ளே விடாமல், 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அழைக்க வேண்டும். காய்ச்சாத பாலைக் குடித்திருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். குதிரைக்கு இந்நோய் வயிற்றுவலிபோலவும் காலில் நொண்டல்போலவும் தொடங்கக்கூடும்.

டிஸ்டெம்பர் என்னும் வேறொரு நோயும் நாய்க்கு வலிப்பையும் எச்சில் ஒழுகலையும் உண்டாக்கும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிவது அதன் அடையாளம் எனினும், வெறும் பார்வையால் இரண்டையும் பிரித்தறிவது கால்நடை மருத்துவருக்கும் கடினம். ஐயம் எழுந்தால் ரேபிஸ் என்றே கொள்ள வேண்டும்.

கடியோ, பிராண்டலோ, காயத்தில் உமிழ்நீரோ பட்டவுடன், ஓடும் நீரில் சோப்பிட்டு முழுமையாக 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்பிய காயங்களை இன்றும் பார்க்கிறோம். அவை புண்ணைப் பெருக்குவதன்றி வேறு பயன் தருவதில்லை. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளை எண்ணி முதியோர் சிலர் தயங்குகின்றனர். அம்முறை கைவிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையின் தோலில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள்களிலும் தடுப்பூசி போடப்படுகிறது. இரத்தம் கசிந்த காயமாயின், இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். அது தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.

கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் கவனிக்கச் சொல்கிறோம். கிருமி உமிழ்நீரில் வெளிப்பட்டிருந்தால், அதற்குள் விலங்கு நோயுறும் அல்லது இறக்கும். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், கடைசித் தவணையை மருத்துவர் தவிர்க்கலாம். ஆனால் அந்த 10 நாளும் காத்திருந்துவிட்டுத் தடுப்பூசி தொடங்குவதற்கு இவ்விதி அனுமதி அளிப்பதில்லை. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதுவே முறை.

கவனிப்பில் உள்ள விலங்கை அடித்துக் கொல்ல வேண்டாம். அது இறந்துவிட்டால், வெறுங்கையால் தொடாமல், தோலுரிக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மூளைத் திசுவைச் சோதித்து நோயை உறுதிசெய்ய இயலும். அதுவரை நடந்ததை எங்களிடமும் சொல்லுங்கள். அவ்விலங்கைத் தொட்டவர், அதற்கு உணவூட்டியவர், அதனுடன் விளையாடிய குழந்தைகள் என ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக்கொண்டு வருவது நலம்.