காய்ச்சல் விட்டாச்சு... காலாற நடக்கலாமா?

டைஃபாய்டோ டெங்குவோ வந்து இரண்டு வாரம் படுத்து எழுந்த பெண்ணுக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஜுரம் விட்ட மறுநாளே அடுப்படி அவளைக் கூப்பிடுகிறது! "வயல் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றால் மட்டும், "இந்த உடம்போடயா? காத்து பட்டுடும்!" என்று எல்லோரும் பதறுகிறார்கள். துணி துவைக்கும்போது படாத காற்றா அங்கே பட்டுவிடப் போகிறது?

படுத்தே இருந்தால் தொடை, கெண்டைக்கால் தசைகள் சீக்கிரம் வலுவிழக்கும். சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலை கிறுகிறுக்கும். இழந்த வலுவை மீட்க, சத்தான சாப்பாட்டோடு நடையும் வேண்டும். ஆனால் நடை மருந்துக்குப் பதில் ஆகாது. காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம் என்றிருந்த காலத்தில், 1928-இல் தாம்பரம் சானடோரியம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாவதை 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. ஆகவே, டைஃபாய்டு மாத்திரைகளை டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட்டே தீர வேண்டும்.

எப்போது கிளம்பலாம்? டெங்குவில் ஜுரம் இறங்கிய முதல் இரண்டு நாள்தான் அதிக கவனம் தேவை. அப்போது கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிமோனியா, பிரசவம், ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள். மற்றவர்கள் முதலில் கூடத்திலும் வாசலிலும் நடந்து பாருங்கள்.

கிளம்பும் நாளில் படுக்கை ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வெறும் வயிறு வேண்டாம். ஒரு டம்ளர் கஞ்சியாவது குடியுங்கள். வெயில் ஏறுமுன் போய், ஏறுமுன் திரும்புங்கள். வரப்பு குறுகல், பனியில் வழுக்கும். வண்டிப்பாதையே நல்லது. மதகு, மரத்தடி என்று வழியில் உட்கார இடம் இருக்கட்டும். காலில் செருப்பு, கையில் ஆறவைத்த வெந்நீர், கூடவே ஒரு துணை.

முக்கியமான விஷயம் இதுதான்: போகும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். பச்சை நாற்றும் கொக்கும் "இன்னும் கொஞ்ச தூரம்" என்று இழுக்கும். ஆனால் போன தூரம் முழுவதும் திரும்பி நடக்க வேண்டுமே! களைப்பு வந்த பிறகு திரும்பக்கூடாது. வருமுன்பே திரும்ப வேண்டும். முதல் நாள் போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம் போதும். துணைக்கு வருபவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. மறுநாள் அசதி இல்லையென்றால் இரண்டு நிமிஷம் கூட்டுங்கள், இருந்தால் குறையுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் அங்கேயே உட்காருங்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "போறதுதான் போறே, குழந்தையையும் தூக்கிட்டுப் போ, வரும்போது கீரை பறிச்சிட்டு வா" என்று அந்த நடையில் வேலையை ஏற்றாதீர்கள். அவள் திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். அடுப்பு அரைமணி காத்திருந்தால் குடி முழுகிவிடாது!