மாற்றம் அறிந்து இயங்கும் நிரல்

நுழையும்முன்

ஒன்று மாறினால் அதனைச் சார்ந்தவையும் மாறுவது உலகியல்பு. கணிப்பொறியோ நாம் உணர்த்தாத உறவை அறியாது. ஒரு மதிப்பு மாறிய அக்கணமே உரிய செயல் தானாக நிகழுமாறு நிரலை அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

உலர்களத்தில் ஒரு பிழை

காப்பித் தோட்டங்கள் நிறைந்த சேர்வராயன் மலையில் உள்ள சிற்றூர் வெள்ளக்கடை. அங்கு ஓர் உலர்களம் இருப்பதாகக் கொள்வோம். பழத்தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டையை, அதன் ஈரம் ஏறத்தாழ 10 விழுக்காடாகக் குறையும்வரை வெயிலில் உலர்த்துவர். ஈரம் மிகுந்த கொட்டையை மூட்டையிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பல மாத உழைப்பு வீணாகும்.

இக்களத்திற்கு ஒரு நிரல் எழுதுவோம். 'களம்' என்னும் பொருளுக்கு 'ஈரம்', 'நிலை' என்னும் இரு பொது மாறிகள் உள்ளன. காலையில் ஈரம் 10, நிலை 'மூட்டையிடலாம்'. மாலைத் தூறலில் கொட்டை நனைகிறது. ஒருவர் ஈரத்தை 16 என மாற்றுகிறார். நிலையை மாற்ற மறந்துவிடுகிறார். நிரல் எவ்விதப் பிழைச்செய்தியும் காட்டாமல் 'மூட்டையிடலாம்' என்றே கூறுகிறது. ஓசையின்றி நேரும் இத்தகைய பிழையே நிரலருக்குப் பெரும் இடர்.

வாயிலில் ஒரு காவல்

நிலையைக் கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடுவது ஒரு தீர்வு. ஆனால், ஈரம் கூடியவுடன் எச்சரிக்கை மணி ஒலிக்கவேண்டுமெனில், அது போதாது. மாற்றம் நிகழும் இடத்திலேயே காவல் வேண்டும். உறைபொதியாக்கம் இதற்கு வழிசெய்கிறது.

உண்மையான மதிப்பைத் தனிப்பட்ட மாறியில் வைத்து, அதனை மாற்றும் உரிமையை ஒரு செயற்கூறுக்கு அளிக்கவேண்டும். அச்செயற்கூறு, வந்த மதிப்பு 0 முதல் 100 வரை உள்ளதா எனச் சரிபார்க்கும், ஏற்றுச் சேமிக்கும், நிலையைத் திருத்தும், தேவையெனில் மணியை ஒலிக்கும்.

சி++ மொழியில் அச்செயற்கூறைப் பெயர்சொல்லி அழைக்கவேண்டும். முன்பு 'களம்.ஈரம் = 16' என எழுதிய வரிகளையெல்லாம் மாற்றவேண்டிவரும். 2001இல் வெளிவந்த பைத்தான் 2.2 பதிப்பில் 'பிராப்பர்ட்டி' என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இதன்படி, வெளியிலிருப்போர் பழைய வரியையே எழுதலாம். உள்ளே செயற்கூறு தானாக இயங்கும். பொது மாறியாகத் தொடங்கியதைப் பின்னாளில் காவலுடையதாக மாற்றினும், அதனைப் பயன்படுத்தும் நிரல்கள் சிதைவதில்லை.

இவ்வெண்ணம் புதிதன்று. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய 'விசிகால்க்' என்னும் அட்டவணைச் செயலியில், ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கட்டங்களும் மாறின.

கருத்தில் கொள்க

காவல் செயற்கூறினுள் மீண்டும் 'ஈரம்' என்னும் பொதுப்பெயருக்கே மதிப்பிருத்தினால், அது தன்னைத்தானே முடிவின்றி அழைத்துக்கொள்ளும்; இறுதியில் பிழையுடன் நிற்கும். அங்கே தனிப்பட்ட மாறியையே பயன்படுத்தவேண்டும். மேலும், மாறியில் ஒரு பட்டியல் இருந்து, அதில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் காவல் இயங்காது. மாறிக்கு முழுமையாகப் புதிய மதிப்பை இருத்தும்போதே அது இயங்கும்.

மறவாமை மனிதர்க்கு அரிது. மறதியால் வரும் கேட்டை, நினைவூட்டலால் அன்றி அமைப்பினாலேயே தவிர்ப்பது நல்ல நிரலின் இலக்கணம்.